வீடு இருபதடி, வாசல் 580 கிலோமீட்டர்

அமெரிக்காவின் ஓரிகன் கடலோரத்தில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் தம்பதிகளின் பயணத்தில் வண்டி பாதிக் கதைதான். மணல் யாருக்குச் சொந்தம் என்பது மீதிக் கதை.

மாலை நான்கு மணி வாக்கில் ஓரிகன் மாநிலத்தின் கடலோரப் பூங்கா எதில் போய் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு பிக்கப் டிரக், பின்னால் மாட்டியிருக்கும் இருபதடி டிரெய்லரை இரண்டு மரங்களுக்கு நடுவே பின்னோக்கி நுழைக்கப் பார்க்கிறது. உள்ளே கணவர், கழுத்தை முறுக்கிக் கண்ணாடியைப் பார்த்தபடி. பின்னால் மனைவி, விமானத்துக்கு இடம் காட்டும் ஊழியரைப் போலக் கைகளை ஆட்டியபடி. அவர் இடது பக்கம் காட்டுகிறார். டிரெய்லர் வலது பக்கம் போகிறது. முன்னே போய் மறுபடி ஒரு முயற்சி. பிறகு இன்னொன்று. பக்கத்து இடங்களில் முன்பே வந்து அமர்ந்துவிட்டவர்கள் நாகரிகமாகத் தங்கள் காபிக் கோப்பைகளை ஆராயத் தொடங்குகிறார்கள். அவர்களும் நேற்று இதே நிலையில் இருந்தவர்கள்தான்.

கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மட்டம் பார்த்து, மின்சாரத்தையும் தண்ணீரையும் இணைத்தபின் என்ஜின் அடங்குகிறது. அப்போதுதான் மரங்களுக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் கேட்கிறது. பசிபிக் பெருங்கடல். இரண்டு மடக்கு நாற்காலிகள் வெளியே வருகின்றன. சண்டை முடிந்தது.

வடக்கே அஸ்டோரியாவிலிருந்து தெற்கே புரூக்கிங்ஸ் வரை, ஓரிகனின் கடலோரம் முழுக்க 101ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. நீளம் சுமார் 580 கி.மீ. நிற்காமல் ஓட்டினால் ஒரே நாளில் கடந்துவிடலாம். டிரெய்லர் தம்பதிகள் இதற்கு இரண்டு வாரம், மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். மடிக்கணினியிலேயே அலுவலக வேலையை முடித்துவிடும் இளம் ஜோடிகளும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் கேரவன் என்றால் பஸ்ஸையோ வேனையோ வீடாக மாற்றிய வண்டிதான் நினைவுக்கு வரும். டிரெய்லர் அப்படியல்ல. அதற்கு என்ஜின் கிடையாது. சக்கரம் வைத்த வீடு அது. காரோ டிரக்கோ இழுத்துப் போகவேண்டும். போய்ச் சேர்ந்ததும் வீட்டைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம் என்பது இதன் பெரிய வசதி. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, கேஸ் அடுப்பு, சிறிய குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை. தரைக்கு அடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் பாத்திரம் கழுவிய தண்ணீர், மூன்றாவதில் கழிப்பறைக் கழிவு. மூன்றாவதைக் குழாய் மாட்டிக் காலி செய்வது யார் பொறுப்பு என்பது ஒவ்வொரு தம்பதியும் எழுதாமல் செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

டிரெய்லர் பிறந்ததிலேயே ஒரு கணவன் மனைவி விவகாரம் உண்டு. வெள்ளி உருளை போன்ற ‘ஏர்ஸ்ட்ரீம்’ டிரெய்லர்களை உருவாக்கிய வாலி பையம் ஓரிகன்காரர். 1896இல் பேக்கர் சிட்டியில் பிறந்தவர். முகாமிடுவதில் அவருக்கு மோகம். மனைவி மேரியனுக்கோ தரையில் படுப்பதும் சமையலறை இல்லாமல் அல்லாடுவதும் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் பையம் ஒரு பழைய ஃபோர்டு காரின் அடிச்சட்டத்தின் மேல் கூடாரத்தை ஏற்றிப் பார்த்தார் என்றும், அதுவே மெல்ல அடுப்பும் பனிப்பெட்டியும் உள்ள டிரெய்லராக வளர்ந்தது என்றும் அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. ஏர்ஸ்ட்ரீம் 1931இல் தொடங்கியது. தொழிலைப் பெற்றது கணவரின் ஆசையல்ல, மனைவியின் மறுப்பு.

இந்த வாழ்க்கையின் இன்னொரு பக்கத்தை 1954இல் ஹாலிவுட் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்ற அந்தப் படத்தில் நிஜத் தம்பதிகளான லூசில் பாலும் தேசி அர்னாஸும் புதுமணத் தம்பதிகளாக நடித்தார்கள். போகிற இடமெல்லாம் மனைவி ஞாபகார்த்தமாகப் பாறாங்கல் பொறுக்குகிறாள். மலைப்பாதை வருகிறது, கல்லையெல்லாம் தூக்கிப் போடு என்கிறான் கணவன். அவள் போட மனமில்லாமல் டிரெய்லருக்குள் ஒளித்துவைக்கிறாள். மலையில் ஏறும்போது கற்கள் உருளத் தொடங்குகின்றன.

வேடிக்கைக்குப் பின்னால் இருப்பது அப்பட்டமான பௌதிகம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் அழுத்தவேண்டும் என்பது விதி. சாமான்கள் பின்பக்கம் அதிகமாகிக் கொக்கியின் எடை குறைந்தால், வேகத்தில் டிரெய்லர் மீன்வாலைப் போல ஆட ஆரம்பிக்கும், டிரக்கையே புரட்டிவிடக்கூடும். அதனால்தான் புறப்படும் முன் இருவரும் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்க்கிறார்கள். கொக்கி பூட்டியாயிற்றா, சங்கிலி மாட்டியாயிற்றா, பிரேக் விளக்கு எரிகிறதா, கேஸ் மூடியாயிற்றா. வீட்டில் வேண்டியது எது, வேண்டாதது எது என்று முப்பது வருடம் பேசாமல் விட்ட பேச்சை இருபதடி வீட்டில் பேசியே தீரவேண்டும்.

அனுபவசாலிகள் இந்தச் சாலையில் வடக்கிலிருந்து தெற்கே போகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும். தெற்கே போகும்போது கடலும் வலப்பக்கம். எதிர்த் திசையைக் குறுக்கே கடக்காமல் கடலோர ஓரங்களில் எளிதாக ஒதுங்கி நிற்கலாம். கோடையில் காற்றும் பெரும்பாலும் முதுகுப்பக்கமிருந்து வீசுகிறது. ஒரே ஒரு குறை. ஓட்டுபவர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார்; கடல் தெரிவது அருகில் இருப்பவருக்குத்தான். அவர் பார்த்துப் பார்த்துச் சொல்ல, இவர் காதால் கடலைப் பார்க்கவேண்டும். இருவருக்கும் ஓட்டத் தெரிந்திருப்பது நல்லது என்பதற்கு இது ஒரு காரணம். வழியில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் மற்றவர்தான் வீட்டை இழுத்துப் போகவேண்டும் என்பது யாரும் உரக்கச் சொல்லாத இன்னொரு காரணம்.

பயணம் தொடங்கும் அஸ்டோரியாவில் கொலம்பியா ஆறு கடலில் கலக்கிறது. லூயிஸும் கிளார்க்கும் கண்டத்தைக் குறுக்கே கடந்துவந்து 1805-06 குளிர்காலத்தைக் கழித்தது இங்கேதான். அருகிலுள்ள ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவில் டிரெய்லரை நிறுத்திவிட்டு நடந்தால், 1906இல் தரைதட்டிய ‘பீட்டர் அயர்டேல்’ கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூடு இன்றும் மணலில் நிற்கிறது. 1942 ஜூனில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று இந்தக் கோட்டையை நோக்கிக் குண்டு வீசியது. பெரிய சேதமில்லை. பேஸ்பால் மைதானத்துத் தடுப்பு வலைதான் முக்கியமாக அடிபட்டது.

அங்கிருந்து தெற்கே கேனன் பீச். 235 அடி உயர ‘ஹேஸ்டாக்’ பாறை, வைக்கோற்போர் போல அலைகளுக்கு நடுவே எழுந்து நிற்கும் இடம். படம் எடுக்காதவர் இல்லை. ஆனால் அந்தப் பாறையைவிட அதன் முன்னால் விரிந்திருக்கும் மணலுக்குத்தான் வரலாறு அதிகம்.

1913இல் ஆளுநராக இருந்தவர் ஆஸ்வால்டு வெஸ்ட். கடற்கரைகள் தனியார் கைக்குப் போவதைத் தடுக்க விரும்பிய அவர் ஒரு குறுக்குவழி கண்டார். அந்தக் காலத்தில் சாலை இல்லாத இடங்களில் மக்கள் ஈரமணல் மேல்தான் வண்டி ஓட்டினார்கள். கொலம்பியா ஆற்றிலிருந்து கலிஃபோர்னியா எல்லை வரை அலை ஏறி இறங்கும் ஈரமணல் முழுவதும் பொது நெடுஞ்சாலை என்று சில வரிகளில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். நெடுஞ்சாலைக்கு யார் வேலி போடமுடியும்? மசோதா எளிதாக நிறைவேறியது.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஈரமணல் பொது, அதற்கு மேலேயிருக்கும் காய்ந்த மணல்? 1966இல் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர் தன் விடுதியின் முன்னாலிருந்த காய்ந்த மணலை மரக்கட்டைகளால் அடைத்து, விடுதியில் தங்குபவர்களுக்கு மட்டும் என்று அறிவித்தார். மாநிலமே பொங்கியது. எல்லா மணலையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் மசோதா சட்டமன்றக் குழுவில் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, ஆளுநர் டாம் மெக்கால் 1967 மே மாதம் ஹெலிகாப்டரில் கடற்கரைக்கே வந்து இறங்கினார். பொது எல்லை எதுவரை வரவேண்டும் என்பதை நில அளவையாளர்களை வைத்து மணலிலேயே அளந்து காட்டினார். அந்தப் படங்கள் செய்திகளில் வந்தன. ஜூலையில் மசோதா சட்டமானது. செடிகொடிகள் தொடங்கும் கோடு வரை மணலில் நடக்கவும் உட்காரவும் யாருக்கும் உரிமை உண்டு என்றாயிற்று.

1969இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது சொன்ன காரணம்தான் சுவாரஸ்யமானது. பழைய ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து ‘வழக்காறு’ என்ற கோட்பாட்டை நீதிபதிகள் தூசி தட்டி எடுத்தார்கள். வெள்ளையர்கள் வந்தபோதே இங்கிருந்த ஆதிகுடிகள் ஈரமணலில் சிப்பி தோண்டி, காய்ந்த மணலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்களும் அதையே தொடர்ந்தார்கள். எனவே மணல் என்றென்றும் எல்லோருக்கும் என்பது தீர்ப்பு. அந்த ஆதிகுடிகளில் பலர் 1850களிலேயே தங்கள் நிலத்தை விட்டு ஒதுக்கிடங்களுக்குத் துரத்தப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய வழக்கம் சட்டமாயிற்று. அந்தத் தீர்ப்பால் அவர்களுக்கு நிலம் திரும்பவில்லை.

இன்று டிரெய்லர் தம்பதிகள் வெளியே போடும் இரண்டு நாற்காலிகளின் கால்கள் ஊன்றியிருப்பது இந்தச் சட்டத்தின் மேல்தான். இருபதடி வீட்டில் இரண்டு பேர் மூன்று வாரம் மூச்சுமுட்டாமல் இருக்கமுடிகிறது என்றால், கதவைத் திறந்ததும் கிடைக்கும் வாசல் அவ்வளவு பெரியது. கோடிக்கணக்கில் விலைபோகும் கடலோர மாளிகைக்காரருக்கும் பழைய டிரெய்லரில் வரும் ஓய்வுபெற்ற தபால்காரருக்கும் மணலில் ஒரே உரிமை.

கடல் தரும் உரிமைக்குக் கடலே ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறது. நியூபோர்ட் நகருக்குச் சற்று வடக்கே பெவர்லி பீச். கடல் மட்டத்தை ஒட்டிய ஓடைக்கரையில் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும் அழகான பூங்கா. 1964 மார்ச்சில் அலாஸ்காவில் 9.2 அளவு என்று பின்னாளில் கணக்கிடப்பட்ட நிலநடுக்கம் கிளப்பிய சுனாமி, இந்தக் கடற்கரையில் முகாமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் நான்கு குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அது தொலைவிலிருந்து வந்த அலை. ஓரிகனுக்குப் பக்கத்திலேயே கடலுக்கடியில் கஸ்கேடியா என்னும் பிளவுப் பகுதி இருக்கிறது. அது கடைசியாக முழு வேகத்தில் அதிர்ந்தது 1700 ஜனவரி 26இல். அலை ஜப்பான் வரை போய் அங்கே ஏடுகளில் பதிவாயிற்று. அந்த ஏடுகளை வைத்துத்தான் 1990களில் விஞ்ஞானிகள் தேதியையே கண்டுபிடித்தார்கள். அடுத்தது எப்போது என்று எவராலும் சொல்லமுடியாது.

அதனால் இந்தச் சாலை நெடுக நீலப் பலகைகள். சுனாமி அபாயப் பகுதிக்குள் நுழைகிறீர்கள், வெளியேறுகிறீர்கள் என்று மாறி மாறிச் சொல்கின்றன. கடற்கரைப் பூங்காக்களில் மேட்டுக்குப் போகும் வழி வரைபடமாக வைக்கப்பட்டிருக்கிறது. அறிவுரை எளிமையானது: தரை ஆடினால் சைரனுக்குக் காத்திருக்காதே, வண்டியை எடுக்காதே, டிரெய்லரை அப்படியே விட்டுவிட்டு நடந்தே மேட்டுக்கு ஓடு. இருபது நிமிடம்கூட இல்லாமல் போகலாம். சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கிய வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் ஓடவேண்டும் என்பதை, முதல் மாலையே இருவரும் அந்த வழியில் ஒருமுறை நடந்து பார்த்து மனதில் பதியவைத்துக்கொள்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த நாகப்பட்டினத்துக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நியூபோர்ட்டில் யக்கினா விரிகுடாப் பாலம். 1936 வரை இந்தச் சாலையில் பெரிய ஆற்று முகங்களைப் படகில்தான் கடக்கவேண்டும். கான்டே மெக்கல்லோ என்ற பொறியாளர் ஐந்து பெரிய பாலங்களைக் கட்டிப் படகுகளுக்கு ஓய்வு கொடுத்தார். வளைவும் தூணுமாகக் கோயில் கோபுரத்தை அலங்கரிப்பது போலப் பாலத்தை அலங்கரித்தவர் அவர். ஆனால் அவை 1930களின் கார்களுக்கான பாலங்கள். எட்டடி அகல டிரெய்லரோடு, எதிரே மரலாரி வர, பக்கவாட்டுக் காற்று தள்ள, கடக்கும்போது அழகை ரசிக்க ஓட்டுபவருக்கு நேரமில்லை. மறுகரை சேரும் வரை உள்ளே பேச்சும் இருக்காது.

அதன்பின் 1894 முதல் நிற்கும் ஹெசீட்டா ஹெட் கலங்கரை விளக்கம், கடற்சிங்கங்கள் குரைக்கும் குகை, பிறகு ஃபுளோரன்ஸ் ஊர். மணல்மேடுகள் இங்கே தொடங்கித் தெற்கே 60 கி.மீ.க்கு மேல் போகின்றன. ‘டியூன்’ நாவலுக்கு ஃபிராங்க் ஹெர்பர்ட்டுக்குப் பொறி தட்டியது இந்த மணலில்தான்.

கடற்கரை நெடுஞ்சாலை என்பதற்கு ஓரிகன் கொடுத்த விநோத விலையும் ஃபுளோரன்ஸில்தான். 1970 நவம்பரில் செத்த திமிங்கிலம் ஒன்று இங்கே ஒதுங்கியது. மணல் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. எனவே பிணமும் அவர்கள் பொறுப்பு. பாறையைத் தகர்க்கும் அனுபவத்தில் அரை டன் டைனமைட் வைத்தார்கள். துண்டு துண்டாகிப் பறவைகள் தின்றுவிடும் என்பது திட்டம். கொழுப்புத் துண்டுகள் வானத்திலிருந்து மழையாகப் பெய்தன. தொலைவில் நின்ற கார் ஒன்று நசுங்கியது. திமிங்கிலத்தின் பெரும்பகுதி நகரவே இல்லை. ஐம்பது வருடம் கழித்து, 2020இல், ஊர் ஒரு பூங்காவுக்கு ‘வெடித்த திமிங்கிலம் நினைவுப் பூங்கா’ என்று பெயர் வைத்துத் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டது.

தெற்கே போகப் போக ஒரு வகைத் தம்பதிகளை அடிக்கடி சந்திக்கலாம். மாநிலப் பூங்காக்களில் ‘ஹோஸ்ட்’ என்ற பலகையோடு நிற்கும் டிரெய்லர் அவர்களுடையது. சம்பளமில்லாத் தொண்டர்கள். வருபவர்களுக்கு வழி சொல்வது, விறகு விற்பது, இடத்தைத் துப்புரவாக வைப்பது இவர்கள் வேலை. பதிலாக, தண்ணீரும் மின்சாரமும் உள்ள இடத்தில் டிரெய்லரை இலவசமாக நிறுத்திக்கொள்ளலாம். சிலர் கலங்கரை விளக்கங்களைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஒரு காலத்தில் விளக்குக் காவலரும் மனைவியும் குடும்பமாக இந்த முனைகளில் வாழ்ந்தார்கள். விளக்குகள் தானியங்கியாகி அந்த வேலை போய்விட்டது. காலி இடத்தை டிரெய்லர் தம்பதிகள் நிரப்பியிருக்கிறார்கள்.

கடைசிக் கட்டத்தில், புரூக்கிங்ஸுக்கு முன்னால், சாமுவேல் போர்டுமன் பெயர் தாங்கிய 19 கி.மீ. கடலோரம். 1929 முதல் 1950 வரை மாநிலப் பூங்காக்களின் கண்காணிப்பாளராக இருந்தவர் அவர். வளைவுப் பாறைகளும் குட்டித் தீவுகளும் நிறைந்த இதைப் போன்ற நிலங்களைத் துண்டு துண்டாக வாங்கியும் இனாமாகக் கேட்டும் பொதுச்சொத்தாகச் சேர்த்தார். ஒருவர் மணலுக்குச் சட்டம் போட்டார், ஒருவர் அதை அளந்து காட்டினார், ஒருவர் அதை ஒட்டிய காட்டைச் சேர்த்துவைத்தார். டிரெய்லரை நிறுத்த இடம் கிடைப்பது இந்த மூவரின் தயவு. அதற்கும் கோடையில் போட்டி கடுமை. ஆறு மாதம் முன்னால் பதிவு திறந்ததும் நல்ல இடங்கள் போய்விடுகின்றன.

இந்தியாவிலும் ஆசை துளிர்த்திருக்கிறது. கேரளமும் மகாராஷ்டிரமும் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கைகளை அறிவித்தன. வண்டியை வாங்கவும் பூங்கா அமைக்கவும் சலுகைகள் பற்றி நிறையப் பேச்சு. ஓரிகனிலிருந்து கற்கவேண்டியது வண்டியைப் பற்றியல்ல. கடற்கரை அரசின் சொத்தல்ல, மக்களுக்காக அரசு காக்கும் பொறுப்பு என்ற கருத்தை 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991இல் கிராமப்புறங்களில் கட்டடம் கூடாதென்று ஒதுக்கிய 200 மீட்டர், மக்கள்நெருக்கம் மிகுந்த இடங்களில் 2019இல் 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது.

நம் கடற்கரை வெறும் காட்சியும் அல்ல. அங்கே வலை காய்கிறது, படகு ஏறுகிறது, மீன் ஏலம் போகிறது. ஓரிகன் நீதிபதிகள் வழக்காற்றைத் தேடிப் பழைய காலத்துக்குப் போகவேண்டியிருந்தது. இங்கே அந்த வழக்காறு தினமும் விடியற்காலையில் மணலில் நிற்கிறது. அதைத் தள்ளிவிட்டுக் கேரவனுக்கு இடம் கொடுத்தால் அது இன்னொரு வேலிதான். வாசல் எல்லோருக்கும் இருந்தால்தான் இருபதடி வீடு வீடாக இருக்கும்.

புரூக்கிங்ஸில் கடைசி மாலை. கலிஃபோர்னியா எல்லை சில மைல்தான். டிரெய்லர் இன்று இரண்டாவது முயற்சியிலேயே உள்ளே போய்விடுகிறது. மனைவியின் கையசைப்புக்குக் கணவர் பழகிவிட்டார், அல்லது கணவரின் தவறுக்கு மனைவி. இரண்டு நாற்காலிகள் வெளியே வருகின்றன. மூன்று வாரமாக வலப்பக்கம் இருந்த கடல் இப்போது நேர் எதிரே. இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருகிறார்கள்.